காலிக் கோட்டையும் ஒரு சோடிக் குட்டிச் சப்பாத்தும்

என் மூத்த மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது வெலிமடையில். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவளுக்கு ஏழு மாதம். ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது, "உம்மா, இங்கே விடியற்காலைக் குளிர் தாங்க முடியாது. நான் பிறந்தபோது எனக்குப் போட்ட சப்பாத்து மாதிரி பிள்ளைக்கும் ஒரு சோடி வேண்டும். கடைச் சாமான் வேண்டாம். கையால் பின்னியதாக இருக்கட்டும்" என்றாள்.

அன்று மாலையே அலுமாரியின் அடித்தட்டைக் கிளறினேன். பழைய வெள்ளைத் துணியொன்றில் சுற்றியபடி அந்தச் சோடி கிடைத்தது. வெள்ளைப் பருத்தி நூல், ஓரத்தில் இளம்பச்சைக் கரை, கணுக்காலில் கட்ட ஒரு சின்னக் கயிறு. இரண்டையும் சேர்த்து வைத்தாலும் என் உள்ளங்கை நிரம்பவில்லை.

அதை வாங்கியது 1996இல். நானும் கணவரும் காலிக்குப் போயிருந்தோம். கோட்டை மதிலோரம், வெளிச்சவீட்டுக்குக் கிட்ட, ஒரு பெண் துணி விரித்து ரேந்தை மேசைவிரிப்புகளும் பிள்ளைச் சாமான்களும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். சப்பாத்துக்கு 150 ரூபா சொன்னாள். நான் 60இல் தொடங்கி 80க்கு முடித்தேன். அவள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு என்டு கேக்கிறீங்க, எடுங்க" என்றாள். குறைத்த 70 ரூபாவுக்கு பஸ் நிலையத்தருகே நாங்கள் இருவரும் பலூடா குடித்தோம். அந்த விலை பேசிய கதையை எத்தனையோ கல்யாண வீடுகளில் என் கெட்டித்தனமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மகள் கேட்டதை அதே காலியில்தான் தேட வேண்டும் என்று தோன்றியது. கணவரின் தூரத்து மாமி ஒருவர் கோட்டைக்குள் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. இளமையில் குரோஷே பின்னலில் பேர் எடுத்தவர். "வாங்க மகள், வந்து ரெண்டு நாள் நில்லுங்க. வாங்கிறதுக்கு முந்தி பின்னப் பழகுங்க" என்றார். பழைய சோடியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

*

கொழும்புக் கோட்டையில் புகையிரதம் ஏறிக் காலிக் கோட்டைக்குப் போகும் பிரயாணம் நம் நாட்டின் அழகிய பிரயாணங்களில் ஒன்று. போகும்போது வலப்பக்க ஆசனம் கிடைத்தால் பெரும்பாலும் கடல் கூடவே வரும். இந்தப் பாதை 1894இல் காலியைச் சென்றடைந்தது. ஆகஸ்ட் மாதமாதலால் கடல் கலங்கி, அலைகள் தண்டவாளத்தை எட்டிப் பார்ப்பதுபோல் வந்து போயின. ஹிக்கடுவைக்கு முன்பாக பெரலியவைக் கடக்கும்போது பெட்டியில் பேச்சுக் குறைந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஒரு புகையிரதத்தையே புரட்டிப்போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன இடம் அது.

காலி நிலையத்தில் இறங்கி, கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டினால் கோட்டையின் பெருவாசல். இது ஆங்கிலேயர் 1873இல் திறந்த வழி. துறைமுகப் பக்கம் இருக்கும் பழைய வாசல்தான் மூத்தது. அதன் உட்புறத்தில் டச்சுக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் பொறித்திருக்கின்றன. வெளிப்புறத்தில் ஆங்கிலேயரின் அரச சின்னம். முதலில் கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1640இல் டச்சுக்காரர் அதைப் பிடித்துப் பெருப்பித்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது.

இத்தனை கைமாறியும் கோட்டை காட்சிப்பொருளாகிவிடவில்லை. உள்ளே பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் இயங்குகின்றன, மனிதர் குடியிருக்கிறார்கள். அவர்களில் நம்மவர் தொகை கணிசமானது. டச்சுக்காரர் காலத்திலேயே ஒரு வீதிக்கு 'மூர் சில்லறை வியாபாரிகள் வீதி' என்ற கருத்துள்ள பெயர் இருந்தது. இன்றைய பெட்லர் வீதி அதுதான். வெளிச்சவீட்டுக்கு எதிரே, தூரத்திலிருந்து பார்ப்பவர் தேவாலயம் என்று மயங்கும் தோற்றத்தில், மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

மாமியின் வீடு லேன்பான் வீதிப் பக்கம். ஓட்டுக் கூரை, தடித்த சுவர், முன்னால் தூண்கள் வைத்த நீண்ட விறாந்தை. ஸலாம் சொல்லி உள்ளே போனதும் பிளேன்ரீயும் கருப்பட்டித் துண்டும் வந்தன. அதற்குப் பிறகுதான் சுகசெய்தி.

"முந்தி இந்த வீதியில ஏழு வீட்டு விறாந்தையிலயும் ஊசி ஓடும் மகள். அஸர் தொழுதுட்டு வந்து குந்தினா மஃரிப் வரைக்கும். ஒருத்தி பீரளு, ஒருத்தி குரோஷே, ஒருத்தி தொப்பி. இப்ப ஊசி ஈக்கிறது ரெண்டு வீட்டில மட்டுந்தான்" என்றார் மாமி.

மற்ற வீடுகள் என்னவாயின என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. எதிர் விறாந்தையில் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று கோப்பி அருந்திக்கொண்டிருந்தது. கோட்டைக்குள் பல வீடுகள் விற்கப்பட்டு விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. நல்ல விலை வந்தது, விற்றார்கள். அதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் பிள்ளைகள் பார்த்துப் பழகிய கைத்தொழிலுக்குப் பள்ளிக்கூடம் அந்த விறாந்தைதான். விறாந்தை போனால் பாடமும் போய்விடுகிறது.

*

கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தபோது ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. நான் உட்கார்ந்த கதிரை, அது கிடந்த விறாந்தை, பிளேன்ரீ வந்த குசினி, சப்பாத்தை எடுத்துவந்த அலுமாரி, மாமி நூல்கூடையை வைத்திருந்த மேசை, எல்லாமே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். சப்பாத்து என்பதும் அவர்களுடையதுதான். ரேந்தை என்பது அவர்களின் 'ரெண்டா'. காலியிலும் வெலிகமையிலும் பெண்கள் தலையணைமேல் மரக்குச்சிகளை உருட்டிப் பின்னும் பீரளுவும் அவர்களின் 'பில்ரோ'விலிருந்து வந்ததென்பார்கள். 1626இல் நம் முன்னோரைத் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து துரத்தியவர்களும் இந்தப் போர்த்துக்கேயரே. அப்போது கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்துப் பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். துரத்தியவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய சொற்கள் நம் வீடுகளிலேயே தங்கிவிட்டன.

நான் பழைய சோடியை எடுத்துக் கொடுத்தேன். மாமி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புரட்டிப் பார்த்தார். நான் எதிர்பார்த்ததுபோல் மேலே இருந்த பூவேலையைப் பார்க்கவில்லை. சப்பாத்துக்குள் சுண்டுவிரலை விட்டு மெதுவாகச் சுற்றித் தடவினார். பிறகு என்னிடம் நீட்டி, "நீங்களும் விரல விட்டுப் பாருங்க" என்றார்.

உள்ளே ஒரு முடிச்சுக்கூடத் தட்டுப்படவில்லை. ஒரு நூல் நுனிகூட இல்லை.

"எல்லா நுனியையும் வெளியால எடுத்துப் பச்சைக் கரைக்குக் கீழ மறைச்சி ஈக்கிறா. ஏன் தெரியுமா? உள்ளுக்கு நூல் தொங்கினா பிள்ளைட கால்விரல்ல சுத்தும். பிள்ளை அழும். நாம பசி என்டு பால் குடுப்போம். வயித்து வலி என்டு ஓமத்தண்ணி குடுப்போம். விரல் நீலம் பாய்ஞ்ச பொறகுதான் தெரியும். இப்பிடி மறைக்கிறதுக்குக் கூட அரை மணித்தியாலம் போகும். வாங்கிறவங்களுக்கு அது கண்ணுக்குத் தெரியாது."

வைத்தியர்களும் இதையே எச்சரிக்கிறார்கள். மெல்லிய நூலோ தலைமயிரோ சிசுவின் விரலில் இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். காரணம் தெரியாமல் குழந்தை விடாது அழுதால் காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பார்க்க வேண்டும்.

"எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டார் மாமி.

வழக்கமாகச் சிரித்துக்கொண்டு சொல்லும் அந்தக் கதை அன்று என் வாயிலிருந்து வரவில்லை. "அப்போது எண்பது ரூபா" என்று மட்டும் சொன்னேன்.

*

அஸருக்குப் பிறகு பாடம் தொடங்கியது. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல் பந்து. குரோஷேக்கு வேண்டியது இவ்வளவுதான். பீரளுவுக்குத் தலையணை வேண்டும், குண்டூசி வேண்டும், சோடி சோடியாக மரக்குச்சி வேண்டும், கோலம் கீறிய கடதாசி வேண்டும். குரோஷேயைப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் பின்னலாம், பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டும் பின்னலாம். இல்லாதவர்களின் கைத்தொழிலாக அது பரவியதற்கு இதுவே காரணம். ஐரோப்பாவில் இது பிரபலமானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, ஏழைப் பெண்கள் குரோஷே ரேந்தை பின்னி விற்றே வீட்டாருக்கு உணவு தேடினார்கள்.

மாமி கற்றுக்கொடுத்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்த பிள்ளைக்கு அடிப்பாதம் 9 சென்ரிமீற்றர் நீளம் போதும். 2.5 மில்லிமீற்றர் ஊசியில் பன்னிரண்டு சங்கிலிக் கண்ணி போட்டு, அதன் இரு புறமும் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். இரு முனைகளிலும் மட்டும் கண்ணிகளைக் கூட்டினால் முட்டை வடிவில் அடிப்பாதம் வரும். மூன்று சுற்றில் அது நிறைந்துவிடும். அதன்பின் கூட்டாமல் நேரே நாலு சுற்றுப் பின்னினால் சுவர் எழும்பும். முன்பக்கத்தில் இரண்டிரண்டு கண்ணிகளை ஒன்றாக்கிக் குறைத்தால் விரல்பக்கம் குவியும். கடைசியில் கணுக்கால் சுற்றும் கயிறும்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. என் முதலாவது அடிப்பாதம் தட்டையாக வராமல் கிண்ணம்போல் குழிந்தது. முனையில் கண்ணி கூட்ட மறந்திருந்தேன். அவிழ்த்தேன். இரண்டாவது, கூடுதலாகக் கூட்டியதால் ஓரம் நெளிநெளியாக அலையடித்தது. அதையும் அவிழ்த்தேன். மூன்றாவதைப் பார்த்து மாமி, "இது பரவாயில்ல, பூனைக்குட்டிக்குப் போடலாம்" என்றார். நாலாவதுதான் தேறியது. இஷாவுக்குப் பாங்கு சொல்லும்போது எனக்கு ஒரு சப்பாத்தின் சுவர் மட்டும் எழும்பியிருந்தது. கழுத்து வலித்தது, ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த சிவந்த கோடு. பக்கத்திலிருந்த மாமி, இடையில் எழுந்து சமையலையும் பார்த்து வந்து, மூன்று மணித்தியாலத்தில் ஒரு சோடியை முடித்து மடியில் வைத்திருந்தார்.

பின்னிக்கொண்டே சில புத்திமதிகளும் சொன்னார். நம் கரையோரச் சூட்டுக்குப் பருத்தி நூலே நல்லது. வெலிமடை, நுவரெலியா பக்கத்துக்குத்தான் மெல்லிய கம்பளி. பொத்தானும் மணியும் வேண்டாம், பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். கயிறு நீளமாக இருக்கக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. போடுவதற்கு முன் ஒருமுறை துவைக்க வேண்டும். "நடக்கத் தொடங்கினா கழட்டி வைங்க. பின்னல் சப்பாத்து சீமெந்தில வழுக்கும். வெறுங்காலாலதான் பிள்ளை நிலத்தப் பிடிச்சி நடக்கப் பழகும்." இதையும் இன்றைய வைத்தியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். சப்பாத்து பிள்ளையை நடக்க வைப்பதில்லை. நடக்காத காலத்தில் சூட்டைக் காப்பதே அதன் வேலை. ஆகவே அதன் ஆயுள் மூன்று மாதம், மிஞ்சினால் நாலு மாதம்.

"மூணு மாசத்துக்கு இவ்வளவு பாடா மாமி?" என்று கேட்டேன்.

மாமி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சுனாமி வந்த வருடத்தைப் பற்றிச் சொன்னார். மதில்கள் காத்ததால் கோட்டைக்குள் பெரிய அழிவில்லை. வெளியே நகரம் சின்னாபின்னமானது. முகாம்களில் கைக்குழந்தைகள் இருந்தார்கள். மாமியும் மற்ற விறாந்தைப் பெண்களும் மிச்ச நூலையெல்லாம் சேர்த்துக் குட்டித் தொப்பியும் சப்பாத்தும் பின்னிக் கொடுத்தார்கள். "ஒரு உம்மா வாங்கிட்டு அழுதா மகள். 'எல்லாரும் பழைய உடுப்புத் தந்தாங்க. எண்ட பிள்ளைக்கென்டே செஞ்சது இது ஒண்டுதான்' என்டா. மூணு மாசம் என்டு நான் அண்டைக்குக் கணக்குப் பாக்கல்ல."

*

மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன்னர் என் சோடி முடிந்தது. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. நுனிகளை உள்ளே தெரியாமல் மறைக்க மட்டும் எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

அப்போது மாமி சொன்ன ஒரு விடயம் எனக்குப் புதியது. காலுறை பின்ன இயந்திரம் இருக்கிறது, கம்பளிச் சட்டை பின்ன இயந்திரம் இருக்கிறது, ரேந்தைக்கும் இருக்கிறது. ஆனால் குரோஷேயைக் கையைப்போல் பின்னித் தள்ளும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்றுவரை புழக்கத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு கண்ணியும் முந்திய கண்ணிக்குள் ஊசி நுழைந்து முடிய வேண்டும். அந்த நுழைவைக் கை பார்த்துச் செய்வதுபோல் இயந்திரத்தால் செய்ய முடிவதில்லை. அப்படியானால், கொழும்பு நடைபாதையிலோ வெளிநாட்டுப் பெருங்கடையிலோ மிக மலிவாக ஒரு குரோஷே உடுப்பைக் கண்டாலும், அதை எங்கோ ஒருவர் உட்கார்ந்து கையால்தான் பின்னியிருக்கிறார். மலிவாக இருப்பது அவருடைய நேரம்.

என் பழைய கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். 80 ரூபாவில் நூலுக்கு 15 ரூபா கழித்தால் மிச்சம் 65. மூன்று மணித்தியாலத்துக்குப் பங்கிட்டால் மணித்தியாலத்துக்கு 21 ரூபா சொச்சம். வெயிலில் மதிலோரம் காத்திருந்த நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. நான் குறைத்த 70 ரூபா அவளுடைய இலாபம் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அது அவளுடைய கூலி. அதைத்தான் நாங்கள் இரண்டு பலூடாவாகக் குடித்தோம்.

"இதைப் பின்னினது யாராக இருக்கும் மாமி?"

"எப்பிடிச் செல்றது? அப்ப பத்துப் பதினைஞ்சு பேர் இந்த மாதிரி நுனி மறைப்பாங்க. சில ஆக்கள் மவுத்தாகிட்டாங்க. சில ஆக்கள் வீட்ட வித்துட்டுப் போயிட்டாங்க" என்றார்.

*

அஸருக்குப் பின் மதிலோரம் நடந்தேன். காற்று பலமாக வீசியது. வெளிச்சவீட்டுக்குக் கிட்டப் பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைய வெளிச்சவீடு 1939இல் கட்டியது. 1996இல் நாங்கள் நின்றதும் அதன் கீழேதான்.

ஒரு பெண் மதிலின் நிழலில் துணி விரித்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மேசைவிரிப்பு, தொப்பி, ஓரத்தில் நாலைந்து சோடிக் குட்டிச் சப்பாத்து. மடியில் பாதி பின்னிய வேலை. நான் ஒரு சோடியை எடுத்து உள்ளே சுண்டுவிரலை விட்டேன். சுத்தமாக இருந்தது.

"எவ்வளவு தங்கச்சி?"

"ஆயிரத்து இருநூறு ராத்தா." நான் வாய் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "சரி, ஆயிரம் தாங்க" என்றாள். அப்போதும் நான் பேசவில்லை, கைப்பைக்குள் காசு தேடிக்கொண்டிருந்தேன். "தொளாயிரம் தாங்க ராத்தா, நூல் விலை கூடிட்டுது, அதுக்குக் கீழ ஏலாது."

நான் ஒன்றும் கேட்காமலே அவளாகவே 300 ரூபாவைக் குறைத்துவிட்டாள். கேட்பதற்கு முன்பே குறைக்கும் அளவுக்கு இந்தப் பெண்களைப் பழக்கியது யார்? என்னைப் போன்றவர்கள்தான்.

ஆயிரத்து இருநூறைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு மிச்சம் தர வந்தாள். "நீங்கள் முதலில் சொன்ன விலைதான்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைச் சந்தேகமாகவே பார்த்தாள். பிறகு சிரித்து, "பிள்ளைக்கா?" என்றாள். "பேரப்பிள்ளைக்கு" என்றேன். காற்றில் பறக்காமல் அவற்றைப் பழைய பத்திரிகைக் கடதாசியில் சுற்றித் தந்தாள்.

1996ஆம் ஆண்டுப் பெண்ணின் கடன் இதனால் அடைந்துவிட்டதென்று நான் நினைக்கவில்லை. அவளுக்குக் கொடுக்க வேண்டியது அவளுக்குக் கொடுக்க வேண்டியதாகவே இருக்கிறது.

*

வாசகச் சகோதரிகளே, ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் உங்கள் பெண்பிள்ளைகளை ஒரு விடுமுறைக்காவது அவர்கள் பக்கத்தில் உட்கார விடுங்கள். விற்பதற்காக இல்லாவிட்டாலும், ஒரு சோடி பின்னிப் பார்த்த பிள்ளை வாழ்நாளில் கைவேலைக்கு விலை குறைக்க வாய் திறக்காது. கையால் செய்த பொருளை வாங்கும்போது உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வேலை நன்றாக இருந்தால் சொன்ன விலையைக் கொடுங்கள். கையில் காசு போதாவிட்டால் வாங்காமல் வருவதில் குற்றமில்லை.

ஒக்டோபரில் மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். மூன்று சோடிகள் அனுப்பியிருந்தேன். மாமி பின்னியது, மதிலோரம் வாங்கியது, நான் பின்னியது. ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் மகள் சொன்னாள்:

"உம்மா, ஒரு சோடியில் ஒன்று பெரிது, ஒன்று சின்னது. யாரோ உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். எவ்வளவு கொடுத்தீர்கள்?"

"ஒன்றரை நாள்" என்றேன்.